எண்ணூர்ப் பிள்ளை ரூருக்குப் போகட்டும்

ஜெர்மனியில் ஹாம் என்றொரு நகரம். அதன் கிழக்கு ஓரத்தில் ஒரு தொழிற்பேட்டை. கிடங்குகள், லாரிகள், சற்றுத் தள்ளி நிலக்கரி எரித்துவந்த அனல்மின் நிலையம். அந்தப் பேட்டைக்குள் 17 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம். 2002 ஜூலையில் குடமுழுக்கு கண்ட கோயில். ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் தேர் புறப்படும்போது ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கூடுகிறார்கள். காவடி ஆடுகிறார்கள், கற்பூரச் சட்டி ஏந்துகிறார்கள், தார்ச்சாலையில் அங்கப்பிரதட்சிணம் செய்கிறார்கள். தீர்த்தவாரி, சரக்குப் படகுகளுக்காக வெட்டிய டாட்டெல்ன்–ஹாம் கால்வாயில் நடக்கிறது.

திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்த ஒருவரை அந்தத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு எதுவுமே புதிதாக இருக்காது. வடிவுடையம்மன் கோயில் கோபுரத்தையும் கன்டெய்னர் லாரி வரிசையையும் வடக்கே புகைபோக்கிகளையும் ஒரே நடையில் பார்த்து வளர்ந்தவர் அவர்.

கட்டடக் கலை படிக்க வெளிநாடு போக வேண்டும் என்று ஆசைப்படும் வட சென்னைப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. லண்டன், நியூயார்க், சிங்கப்பூர் என்று எல்லோரும் சொல்லும் பட்டியல் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும். அதில் ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டூயிஸ்பர்க், ஓபர்ஹௌசன், எசென், போஹும், டார்ட்மண்ட் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் நிலக்கரி, எஃகு நகரங்கள் அவை. ஹாம் அந்த வட்டாரத்தின் கிழக்கு விளிம்பு. எண்ணூர்க்காரருக்கு அங்கே படிக்கக் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. ஒரே ஒரு நிபந்தனை: போகும்போது எண்ணூரை வரைந்து கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் அதைச் செய்வதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் போர்ட்ஃபோலியோவில் கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கும், மலைமேல் ரிசார்ட் இருக்கும், வளைந்து நெளியும் விமான நிலையம் இருக்கும். தான் பிறந்த குப்பத்தின் தெரு ஒன்றுகூட இருக்காது. ‘எண்ணூர்’ என்று முகவரி சொன்னால் எதிரில் இருப்பவர் மூக்கைச் சுளிப்பாரோ என்ற கூச்சம் அது. அந்தக் கூச்சம் நியாயமற்றது. ரூர் வட்டாரத்தின் கதையைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அது இருக்கவே இருக்காது.

ஆற்றைச் சாக்கடையாக்கியவர்கள்

ரூர் வட்டாரத்தின் நடுவே எம்ஷர் என்ற ஆறு ஓடுகிறது. சுமார் 80 கிலோமீட்டர் நீளம். 19-ம் நூற்றாண்டில் இந்த ஆற்றின் இரு கரையிலும் சுரங்கங்கள் வந்தன, ஆலைகள் வந்தன, லட்சக்கணக்கில் தொழிலாளர்கள் வந்தார்கள். கழிவுநீரை எங்கே விடுவது? பூமிக்கடியில் குழாய் பதிக்க வழியில்லை. கீழே நிலக்கரி தோண்டத் தோண்ட மேலே நிலம் உள்வாங்கிக்கொண்டே இருந்தது. குழாய் பதித்தால் உடைந்துபோகும். எனவே 1899-ல் எம்ஷர் கூட்டுறவு அமைப்பு ஒன்றைத் தொடங்கி, ஆற்றையே சாக்கடையாக மாற்றினார்கள். வளைவுகளை நேராக்கிக் கரையிலும் அடியிலும் கான்கிரீட் பதித்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அந்த ஆறு நாறியது. குழந்தைகள் உள்ளே விழுந்துவிடாமலிருக்க வேலி போட்டிருந்தார்கள்.

சுரங்கங்கள் மூடப்பட்டு நிலம் அடங்கிய பிறகு, 1992-ல் மீட்பு வேலை தொடங்கியது. ஆற்றை ஒட்டி 51 கிலோமீட்டருக்கு நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய் தோண்டினார்கள். 2021 கடைசியில் எம்ஷரில் கழிவுநீர் கலப்பது முழுதாக நின்றது. முப்பது ஆண்டு வேலை, ஏறத்தாழ 550 கோடி யூரோ செலவு.

இதைப் படிக்கும் எண்ணூர்க்காரருக்குக் கொசஸ்தலை ஆறு நினைவுக்கு வராமலிருக்காது. பூண்டியைத் தாண்டி வந்து முகத்துவாரக் குப்பத்தருகே கடலில் சேரும் ஆறு. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. பிறகு வட சென்னை அனல்மின் நிலையம், 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. சாம்பலைக் குழம்பாக்கிக் கொண்டுபோகும் குழாய்கள் கழிமுகத்தின் குறுக்கே போயின. அவை கசிந்து ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர். 2017 ஜனவரி 28-ம் தேதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மக்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து வீட்டுச் சுவர்களில் கோடு போட்டது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள்.

இத்தனையும் நடக்கும் ஊரில் பிறந்த பிள்ளை கட்டடக் கலை படிக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு இந்தத் தொழிலின் எல்லாப் பெரிய கேள்விகளும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. தண்ணீர் எப்படி ஓடும், மண் எப்படிக் கெடும், வேலை செய்கிறவர் எங்கே குடியிருப்பார், ஆலை மூடிய பிறகு அந்த இடம் யாருக்கு? ரூர் வட்டாரத்து மாணவர்களுக்கும் இவைதான் பாடம்.

அணைந்த உலையில் வகுப்பு

டூயிஸ்பர்க்கின் மைடரிஷ் பகுதியில் இருந்த இரும்பு உலை ஆலை 1985-ல் நின்றது. இடித்துத் தள்ளிவிட்டு மனை போட்டு விற்பதுதான் எங்கும் நடக்கும். 1989 முதல் 1999 வரை நடந்த எம்ஷர் பூங்காத் திட்டம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் உலையை அப்படியே விட்டுவைத்தார். தாதுக் கிடங்கின் உயரச் சுவர்களில் இன்று மலையேற்றம் பழகுகிறார்கள். பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முத்துக்குளிப்பவர்போல் மூழ்கப் பழகுகிறார்கள். உலையின் உச்சிவரை படியேறிப் போய் ஊரைப் பார்க்கலாம். எசென் நகரத்துச் சோல்வெரைன் சுரங்கம் 1986-ல் மூடியது. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நிலக்கரி கழுவிய கட்டடம் இன்று ரூர் அருங்காட்சியகம். ஃபோல்க்வாங் கலைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறையும் அந்த வளாகத்தில்தான் இயங்குகிறது.

நார்த் ரைன்–வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் 2011 முதல் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை கட்டும் தொகையிலேயே ரயில், பஸ் பயணச் சீட்டும் அடங்கிவிடும். அந்த அட்டை கையில் இருந்தால் டார்ட்மண்டில் தங்கியிருக்கும் மாணவர் ஒரு நாளில் மூன்று பழைய ஆலைகளைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பலாம். என்னைக் கேட்டால், அங்கே கிடைக்கும் பெரிய கல்வி அந்தப் பயணச் சீட்டுதான்.

ஸ்டுடியோ வாழ்க்கை நம் ஊரைப் போலத்தான்: இரவு விழிப்பு, பசை, கட்டர், சப்மிஷனுக்கு முந்தைய நாளின் பதற்றம். ஆனால் மாடல் செய்யும் முறையில் ஒரு வித்தியாசம் உண்டு. வகுப்பு முழுவதும் சேர்ந்து சைட்டைச் சுற்றியுள்ள பகுதிக்கு ஒரே ஒரு பெரிய மாடல் செய்கிறார்கள். தெரு, மரம், பக்கத்து வீடு எல்லாம் அதில் இருக்கும். நடுவில் மனை அளவுக்கு ஒரு துண்டு மட்டும் கழற்றி மாட்டும்படி காலியாக விட்டிருப்பார்கள். ஜூரியில் ஒவ்வொருவரும் தன் கட்டடத்தை அந்த இடத்தில் பொருத்திக் காட்ட வேண்டும். என் கட்டடம் எவ்வளவு அழகு என்று தனியாகத் தூக்கிக் காட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் மறைகிறதா, தெருவில் போகிறவருக்கு நிழல் கிடைக்கிறதா என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். நம் கல்லூரிகளில் இதை நாளைக்கே தொடங்கலாம். அட்டையும் பசையும் போதும்.

தங்குவது பெரும்பாலும் மாணவர் விடுதியில், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் பங்கு வீட்டில். சமையலறையையும் குளியலறையையும் இந்த வாரம் யார் கழுவ வேண்டும் என்ற அட்டவணை கதவில் ஒட்டியிருக்கும்; அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அன்றைக்குச் சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். குப்பையைப் பிரித்துப் போட வேண்டும். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரை கிடைக்கும். முதல் குளிர்காலம் கஷ்டம். நாலரை மணிக்கே இருட்டிவிடும். கடல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நெஞ்சு அடைக்கும்.

அந்த இருட்டில் ரூர் வட்டாரத்துத் தெருமுனையில் ஒரு சன்னல் மட்டும் வெளிச்சமாக இருக்கும். அதை அங்கே ‘ட்ரிங்க்ஹாலே’ என்கிறார்கள். 19-ம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளர்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காத காலத்தில், ஆலை வாசலருகே சோடாத் தண்ணீர் விற்கத் தொடங்கிய சிறு கடைகள். இன்று பத்திரிகை, மிட்டாய், பீர், ரொட்டி எல்லாம் கிடைக்கும். வேலை முடிந்தவர்கள் நின்று பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். 2016 முதல் இந்தக் கடைகளுக்கென்றே ஒரு விழா நாளும் கொண்டாடுகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஆலை ஷிஃப்ட் முடியும் நேரத்து டீக்கடையைப் பார்த்த யாருக்கும் இந்தக் கட்டட வகை உடனே புரியும். ஒரு கவுன்டர், ஒரு தாழ்வாரம், சாய்ந்து நிற்க ஒரு விளிம்பு. இதை அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறார்கள் என்றால், எர்ணாவூர் டீக்கடையை அளந்து வரைவதில் நமக்கு என்ன தயக்கம்?

மாணவர்கள் காப்பாற்றிய குடியிருப்பு

ரூர் பற்றி எழுதுகிறவர்கள் உலைகளையும் அருங்காட்சியகங்களையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது ஓபர்ஹௌசனில் இருக்கும் ஐசன்ஹைம். இரும்பாலைத் தொழிலாளர்களுக்காக 1846-ல் கட்டத் தொடங்கிய குடியிருப்பு. ரூர் வட்டாரத்தின் மிகப் பழைய தொழிலாளர் குடியிருப்பு அதுதான். செங்கல் வீடுகள், பின்னால் சின்னத் தோட்டம், புறா வளர்க்கக் கூண்டு, வீடுகளுக்கிடையே நடைபாதை. 1970-களின் தொடக்கத்தில் இதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட முடிவெடுத்தார்கள். பழைய வீடு, ஏழைகள் வாழும் இடம், சுகாதாரக் குறைவு என்று வழக்கமான காரணங்கள்.

1972-ல் பீலெஃபெல்ட் தொழிற்கல்லூரியின் பேராசிரியர்கள் ரோலண்ட் குண்டரும் யோர்க் போஸ்ட்ரமும் மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே போனார்கள். வீடு வீடாக ஏறி அளந்தார்கள், படம் எடுத்தார்கள், பேசினார்கள். கதவுக்கு வெளியே யார் நாற்காலி போட்டு உட்காருகிறார், பிள்ளைகள் எங்கே விளையாடுகின்றன, கிழவர்கள் யாரைப் பார்த்துக்கொண்டு பொழுது போக்குகிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டார்கள். அடுக்குமாடிக்குப் போனால் இவற்றில் எது மிஞ்சும் என்ற கேள்விக்கு அந்தக் குறிப்புகளில் பதில் இருந்தது. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் போராடினார்கள். பேராசிரியரும் மாணவர்களும் அந்த ஆவணங்களோடு பக்கத்தில் நின்றார்கள். ஐசன்ஹைம் இடிபடவில்லை. நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு இன்றும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள். ரோலண்ட் குண்டர் அந்தக் குடியிருப்பிலேயே வீடு எடுத்துக் குடியேறிவிட்டார். அந்த வெற்றியைப் பார்த்து மற்றத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் மக்கள் எழுந்தார்கள்.

மாணவர்கள் பென்சிலும் டேப்பும் எடுத்துக்கொண்டு போய் ஒரு குடியிருப்பைக் காப்பாற்றிய கதை இது. எண்ணூர்ப் பிள்ளை ரூருக்குப் போகட்டும் என்று நான் சொல்வது முதலில் இதற்காகத்தான்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னோடியும் உண்டு. கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா லண்டன் ஏ.ஏ. கட்டடக் கலைப் பள்ளியில் படித்தவர், 1948-ல் பிரிட்டனின் கட்டடக் கலைஞர் நிறுவனமான ரிபாவில் அசோசியேட் ஆன முதல் ஆசியப் பெண். லண்டனில் தங்கிவிடாமல் ஊருக்குத் திரும்பினார். தும்பறை நெசவாளர்களையும் அரக்குவேலைக்காரர்களையும் தன் கட்டடங்களுக்குள் அழைத்துவந்தார். 1950-களில் கண்டி வட்டபுலுவையில் அரசு ஊழியர் குடியிருப்பை வடிவமைத்தபோது, குடியேறப் போகிறவர்களுக்கே கேள்விப் படிவம் கொடுத்துப் பேசி, அதிலிருந்து வீட்டு வகைகளைத் தீர்மானித்தார். மக்களைக் கேட்டுக் கட்டுவது என்று இன்று உலகம் பெரிதாகப் பேசுவதை இலங்கையில் ஒரு பெண் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்.

எர்ணாவூரில் சுனாமிக்குப் பிறகு எழுந்த குடியிருப்புகளைப் பார்க்கும்போது அந்தக் கேள்விப் படிவம்தான் என் நினைவுக்கு வரும். மீனவர் வீட்டுக்கு வலை வைக்க இடம் வேண்டும், எஞ்சினைத் தூக்கிவந்து வைக்க இடம் வேண்டும், கருவாடு காயத் தரை வேண்டும், கடல் எப்படி இருக்கிறது என்று விடியலில் எட்டிப்பார்க்க வழி வேண்டும். மாடிமேல் மாடியாக அடுக்கிய சின்ன வீட்டில் இவற்றில் எதற்கும் இடமில்லை.

தச்சன் பெயர் தெரிந்த கோயில்

ஹாம் கோயிலுக்குத் திரும்புகிறேன். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்து போன தமிழர்களின் கோயில் அது. பாஸ்கரக் குருக்கள் 1989-ல் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு, பேட்டைக்குள் கோபுரமாக எழுந்தது. வரைபடம் போட்டவர் ஹைன்ஸ்–ரைனர் ஐஷ்ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர். சுதை வேலைக்கு இந்தியாவிலிருந்து சிற்பிகள் போனார்கள். ஜெர்மன் கட்டட விதியும் நம் ஆகமமும் ஒரே வரைபடத்தில் ஒத்துப்போக வேண்டும். இரண்டு பக்கத்திலும் விட்டுக்கொடுத்துத்தான் அந்தக் கோபுரம் நிற்கிறது. அங்கே படிக்கப் போகும் தமிழ் மாணவர்கள் சாமி கும்பிடவும் ஒரு வாய் நம் சோறு சாப்பிடவும் அந்தக் கோயிலுக்குப் போவார்கள். கும்பிட்ட பிறகு அதைக் கட்டடமாகவும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் கோயிலையும் அப்படிப் பார்க்கலாம். திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரர் கருவறை பின்பக்கம் வளைந்த தூங்கானை மாடம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதரின் முயற்சியில் அதைக் கல்லில் கட்டியவர் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது: ரவி என்னும் வீரசோழத் தச்சன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கோயில்களில் கட்டியவர் பெயர் கிடைப்பது அபூர்வம். அதே வளாகத்தில் இலக்கணம் கற்பிக்கவென்றே ஒரு மண்டபம் இருந்ததையும் கல்வெட்டுகள் பேசுகின்றன. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட இடம். துணைக்கண்டத்தில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. ஒரு சோழர் கருவறையும் ஒரு ரயில் நிலையமும் 1948-ல் தொடங்கிய மோட்டார் ஆலையும் ஒரே பஸ் தடத்தில் இருக்கும் ஊர் இது. இதைவிட நல்ல சைட் எந்தக் கல்லூரி கொடுக்கும்?

ரூரை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டச் சொல்லவில்லை. அங்கே சுரங்கம் நின்ற பிறகுதான் பூங்கா வந்தது. கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியபோது தொழிலாளர்கள் கண்ணீரோடு வெளியே வந்தார்கள்; போன வேலைகள் எல்லாம் திரும்பி வரவில்லை. எண்ணூரில் உலை இன்னும் எரிகிறது. 450 மெகாவாட் பழைய நிலையம் 2017-ல் நின்றபோதும் அதே வளாகத்தில் 660 மெகாவாட் புதிய நிலையத்துக்குத் திட்டம் இருக்கிறது. எம்ஷர் கற்றுத்தரும் வரிசை தவறான வரிசை: முதலில் நூறு ஆண்டு நாறவிட்டு, பிறகு 550 கோடி யூரோ செலவழிப்பது. எண்ணூரில் ஆறு முதலில் வர வேண்டும். புகைபோக்கிக்கு வண்ண விளக்கு போடுவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைகள். இங்கே ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்துக் கட்டடக் கலைக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட பிறகு முதுகலைக்குப் போவது பத்திரம். திரும்பி வந்து தொழில் செய்யத் தடை வராது. ஜெர்மனியில் கட்டடக் கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். மூன்றாம் ஆண்டிலேயே மொழி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். மீன் விற்கும் வீட்டுக்கும் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுக்கும் அது மலை. டாட் எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனம் கட்டடக் கலை முதுகலைக்கென்றே உதவித்தொகை தருகிறது. அதற்கும் போர்ட்ஃபோலியோதான் வாசல். அங்கே இருக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு.

அந்தப் போர்ட்ஃபோலியோவில் என்ன வைப்பது? முகத்துவாரக் குப்பம், காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெருவை அளந்து வரையுங்கள். ஏலம் நடக்கும் இடம், வலை பின்னும் நிழல், அம்மன் கோயில் முன் பஞ்சாயத்துக் கூடும் வெளி, தண்ணீர் லாரி நிற்கும் மூலை எல்லாவற்றையும். ஆற்றின் குறுக்குவெட்டை வரையுங்கள். பெரியவர்களைப் படகில் கூடவே அழைத்துக்கொண்டு போய், அந்தந்த இடத்தில் முன்பு எத்தனை ஆள் ஆழம் இருந்தது என்று கேட்டு அதே தாளில் குறியுங்கள். வாயில் பறியைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் தவழ்ந்து இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் எந்த இடத்தில் இறங்குகிறார்கள், எங்கே கரையேறுகிறார்கள் என்பதையும் வரையுங்கள். அரசு வரைபடங்களில் அந்தப் பாதை கிடையாது. வரைந்ததன் ஒரு நகல் ஊர்ப் பஞ்சாயத்திடம் இருக்கட்டும். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.

நேரமும் தோதாக அமைகிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேட்டுப் படகுகள் பழுதுபார்க்கக் கரையேறியிருக்கும். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பேச நேரம் இருக்கும். கல்லூரிக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். விம்கோ நகர்வரை மெட்ரோ 2021 முதல் ஓடுகிறது. அங்கிருந்து எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ. வெயில் ஏறுவதற்குள் அளந்து முடிக்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கெல்லாம் தெருவில் இறங்கிவிடுங்கள்.